மொத்த ஏற்றம்

தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரைக்குத்
தொண்ணூற்றி நாலு கிலோமீட்டர் என்கிறது போன்.
கீழே ஒரு கோடு, எங்கே ஏறணும் எங்கே இறங்கணும் என்று.
ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கிடக்கிறது.
“ஆஸ்பத்திரியில் இந்தக் கோடு வந்தால்
சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுவாங்க” என்றாள் ஜுலைகா.
நாகூரில் மருந்துக்கடை வைத்திருப்பவள்.
வேடிக்கையும் அந்தப் பக்கமாகவே வரும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு
பென்சிலால் வரைகிறோம்.
தை இரண்டாம் ஞாயிறு, விடிகாலை நாலரை.
வாடை முதுகில் இருக்கும்,
அதற்காகத்தான் வடக்கே தொடங்கித் தெற்கே.
இதையே ஆனியில் போனால்
சோழகம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.

முதல் சண்டை சாலை பற்றி.
கிழக்குக் கடற்கரைச் சாலையாம்.
கிழக்கு சரி. சாலை சரி.
கடலை எங்கே காணோம்?
சவுக்கு, இறால் குட்டை, மறுபடி சவுக்கு,
முன்னால் போகும் மணல் லாரியின் தார்ப்பாய்.
கடல் தெரியவேண்டும் என்று
இந்தப் பக்கம் யாரும் வீடு கட்டுவதில்லை,
அந்த ஒரு மார்கழிக்குப் பிறகு.

ஆகவே கடலுக்கென்று தனியே திரும்ப வேண்டும்.
அரசலாறு சேரும் இடத்தில் ஒரு வட்டம்,
செருதூரில் ஒரு வட்டம்.
“ஒரு கடலுக்கு நாலு கிலோமீட்டர் கூடுது,
ரெண்டு கடல் போதும்” என்று பேரம் பேசுகிறாள்,
நான் மூன்றில் நிற்கிறேன்.

செருதூருக்குத் தெற்கே கரையை ஒட்டி
மெல்லிய பாதை ஒன்று ஆற்றைத் தாண்டுகிறது வரைபடத்தில்.
மீன் வண்டி ஓட்டும் லூர்துராஜைக் கூப்பிட்டோம்.
“அது பழைய வாய்க்கா.
மழைக்கப்புறம் ஆறு நூறடி தள்ளி வாயைத் தொறந்திருக்கு.
சைக்கிளை மிதிப்பீங்களா, துடுப்புப் போடுவீங்களா?”
அழித்தோம். தாள் கொஞ்சம் கிழிந்தது.

ஏற்றம் என்று இருப்பவை பாலங்கள் மட்டும்.
நண்டலாறு, வாஞ்சியாறு, அரசலாறு,
திருமலைராஜன் ஆறு, வெட்டாறு,
கடுவையாறு, வெள்ளையாறு.
கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் பிரிவில் இருப்பவள் நான்,
பார்த்ததும் தெரிந்துவிட்டது:
ஒரே சொத்து, ஏழு பட்டா.
கல்லணை தொடங்கிப் பாகம் பிரித்துப் பிரித்து
கடைசியில் ஆளுக்கொரு கைப்பிடித் தண்ணீரோடு
கடலுக்கு வந்து கையெழுத்துப் போடும் காவிரி.
அதன் ஒவ்வொரு வாரிசின் மேலும் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும்.
கூட்டிப் பார்த்தோம். மொத்த ஏற்றம் முப்பத்தொரு மீட்டர்.
மன்னார்குடிக் கோபுரத்தில் முக்கால்வாசி கூட வராது.

ஷட்டரைத் தட்டி யாரோ
குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றார்.
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு கொடுத்துவிட்டு வந்து
தாளின் ஓரத்தில் தனக்கும் எழுதிக்கொண்டாள்:
பொட்டலம் நாலு, டியூப் ரெண்டு, எலுமிச்சை.

அகஸ்தியம்பள்ளி உப்பளம் வந்ததும்
இரண்டு பேர் பென்சிலும் நின்றது.
அங்கே இரண்டு பக்கமும் வெள்ளை.
எத்தனை நிமிடம் என்று யாரும் எழுதவில்லை.

திரும்பும் வழி?
அதே வாடை இப்போது முகத்தில்,
தொண்ணூற்றி நாலும் எதிர்க்காற்று.
நல்ல திட்டத்தின் லட்சணம்,
பாதியை யோசிக்காமல் விட்டிருந்தோம்.
மறுபடி லூர்துராஜ்.
சாயந்திரம் கோடியக்கரையில் லோடு ஏற்றிக்கொண்டு வருவானாம்,
ஐஸ் பெட்டி மேல் சைக்கிள், முன்னால் நாங்கள்.
“நாத்தம் ஒரு வாரம் போகாது, சம்மதமா?”
ஜுலைகா சீட்டில் எழுதினாள்: சோப்பு.

பதினொன்றுக்கு அவள் பூட்டினாள்.
பட்டினத்துக்குத் திரும்புகிறேன் நான்.
வெட்டாற்றுப் பாலத்தில் காற்று எதிரே நின்று
பையைச் சோதிப்பது போலத் தடவியது.
ஒரு கியர் குறைத்தேன்.
அந்தப் பக்கம் வாஞ்சூர் மதுக்கடை விளக்குகள்,
கீழே கருப்பாய், கணக்கில் ஐந்தாவது வாரிசு.

உச்சியில் ஒரு நொடி மிதிக்காமல் இருந்தேன்.
முப்பத்தொன்றில் நாலு மீட்டர்
இன்றைக்கே ஏறியாயிற்று.